ரயில் நம்பரின் முதல் இலக்கத்தில் உங்க டிக்கெட் விலை! - புதுக்கோட்டை சொல்லும் கணக்கு

புதுக்கோட்டை ரயில் நிலையத்தில் "பல்லவன் வந்துடுச்சா?"னு கேட்பாங்க. "12605 வந்துடுச்சா?"னு யாரும் கேட்க மாட்டாங்க. பல்லவன், சேது, போட் மெயில்னு பேரைச் சொல்லித்தான் நமக்குப் பழக்கம். அதுக்கும் பேரில்லைன்னா "காலையில வர்ற டெமு", "ராமேஸ்வரம் வண்டி". நம்பர் என்பது டிக்கெட் பதிவு செய்யும்போதும், வண்டி எங்கே வருதுன்னு செயலியில் தேடும்போதும் மட்டும் தேவைப்படுற ஒரு விஷயம்.

ஆனா, அந்த ஐந்து இலக்கத்துக்குள்ளதான் நீங்க எவ்வளவு கட்டணம் கட்டணும்ங்கிறது இருக்கு. அந்த வண்டி நிரந்தரமா, இல்ல எப்போ வேணும்னாலும் நிறுத்தப்படலாமா என்பதும் அதுலயே இருக்கு. கடந்த சில வருஷங்கள்ல ஒரே தண்டவாளத்துல, ஏறக்குறைய அதே நேரத்துக்கு ஓடுற வண்டிகளோட முதல் இலக்கம் மாறியிருக்கு. அது மாறினப்போ பயணிகளோட செலவும் சேர்ந்தே மாறியிருக்கு. புதுக்கோட்டை மாவட்டம் அதுக்கு ஒரு நல்ல உதாரணம். ஏன்னா, இந்த ஒரு மாவட்டத்துலயே 0, 1, 2, 5, 7 எல்லாத்தையும் மக்கள் பார்த்துட்டாங்க.

ஐந்து இலக்கம் எப்படி வந்தது?

ஒரு காலத்துல ரயில்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று இலக்க நம்பர்கள்தான். பக்கத்துல 'அப்', 'டவுன்' என்று போடுவாங்க. ஒரு மண்டலத்துல இருக்கிற நம்பர் இன்னொரு மண்டலத்திலும் இருக்கும். அந்தந்த ஊர் ஸ்டேஷன் மாஸ்டருக்கு அது போதுமானதா இருந்துச்சு. கணினி முன்பதிவு வந்த பிறகு அது சரிப்படலை. நாடு முழுக்க ஒரு வண்டிக்கு ஒரே நம்பர் வேணும். அதனால 1980-களின் கடைசியில் நான்கு இலக்க நம்பர்கள் வந்தன.

வண்டிகள் பெருகப் பெருக அந்த நான்கு இலக்கமும் பத்தலை. 2010 டிசம்பர் 20-ம் தேதியிலிருந்து ஐந்து இலக்கம் நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான எக்ஸ்பிரஸ் ரயில்களுக்கு முன்னால 1 சேர்த்தாங்க, அவ்வளவுதான். 2605 ஆக இருந்த பல்லவன் 12605 ஆச்சு. 2635 ஆக இருந்த வைகை 12635 ஆச்சு. பார்க்க சின்ன மாற்றம்தான். ஆனா, முன்னால வந்து உட்கார்ந்த அந்தப் புது இலக்கத்துக்குத்தான் வண்டியோட வகையைச் சொல்ற வேலையைக் கொடுத்தாங்க.

முதல் இலக்கம் என்ன சொல்லுது?

0 என்றால் சிறப்பு ரயில். தீபாவளி, பொங்கல், கோடை விடுமுறைக்கு விடுற வண்டிகள் இந்த வகை.

1, 2 என்றால் நீண்டதூர எக்ஸ்பிரஸ் ரயில்கள். 1-ல் தொடங்கும் நம்பர்கள் போதாமல் போனதால் 2-ஐயும் எடுத்துக்கிட்டாங்க.

3 என்றால் கொல்கத்தா புறநகர் ரயில்கள். 4 என்றால் சென்னை உள்ளிட்ட வேறு சில நகரங்களின் புறநகர் ரயில்கள். 9 என்றால் மும்பை புறநகர் ரயில்கள். புதுக்கோட்டைக்காரங்களுக்கு இதுல தேவைப்படுறது, தாம்பரம் - கடற்கரை மின்சார ரயிலுக்கு மாறும்போது 4 மட்டும்தான்.

5 என்றால் வழக்கமான பாசஞ்சர். 6 என்றால் மெமு, அதாவது மின்சாரத்தில் ஓடும் குறுந்தூர வண்டி. 7 என்றால் டெமு, டீசலில் ஓடும் குறுந்தூர வண்டி.

இரண்டாவது இலக்கம் பொதுவா மண்டலத்தைக் குறிக்கும். தெற்கு ரயில்வேக்கு 6. தென்மத்திய ரயில்வேக்கு 7. அதனாலதான் நம்ம பக்கம் ஓடுற எக்ஸ்பிரஸ்கள் பலவும் 16-ல் தொடங்குது. ஆனா, சூப்பர்ஃபாஸ்ட் வண்டிகளுக்கு இந்த விதி பொருந்தாது. அங்கே இரண்டாவது இலக்கம் 2 ஆக இருக்கும். மண்டலத்தை மூன்றாவது இலக்கத்துல பார்க்கணும். 12605-ஐ இப்படிப் பிரிச்சுப் பாருங்க: 1 என்பது நீண்டதூர வண்டி, 2 என்பது சூப்பர்ஃபாஸ்ட், 6 என்பது தெற்கு ரயில்வே. சென்னை எழும்பூர் - ராமேஸ்வரம் சேது எக்ஸ்பிரஸின் 22661-ம் இதே மாதிரிதான். 12, 22 வரிசைகளும் நிரம்பின பிறகு 20-ல் தொடங்கும் நம்பர்களும் சூப்பர்ஃபாஸ்ட் வண்டிகளுக்குப் போயிருக்கு.

பாசஞ்சர், டெமு போன்ற குறுந்தூர வண்டிகள்ல மூன்றாவது இலக்கம் ரயில்வே கோட்டத்தைச் சொல்லும். திருச்சிக் கோட்டத்துக்கு 8, மதுரைக் கோட்டத்துக்கு 7. புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இதுலயும் ஒரு விசேஷம் இருக்கு. புதுக்கோட்டை ரயில் நிலையம் மதுரைக் கோட்டத்துல வருது. அறந்தாங்கி ரயில் நிலையம் திருச்சிக் கோட்டத்துல வருது. ஒரே மாவட்டத்துக்காரங்க ரயில் பத்தி மனு கொடுக்கணும்னா ஊரைப் பொறுத்து ரெண்டு வேற வேற ஊருக்குப் போகணும்.

கடைசி இலக்கங்கள் அந்த வண்டிக்கே உரிய அடையாளம். பொதுவா போற வண்டியும் வர்ற வண்டியும் அடுத்தடுத்த எண்களில் ஜோடியா இருக்கும். சென்னையிலிருந்து காரைக்குடி வர்ற பல்லவன் 12605. காரைக்குடியிலிருந்து சென்னை போறது 12606.

37 கிலோமீட்டர்... மூணு விலை!

சரி, பாக்கெட் விஷயத்துக்கு வருவோம். புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி சுமார் 37 கி.மீ. அவசரமா ஒரு வேலைன்னு கிளம்புற ஒருத்தர் முன்பதிவு இல்லாத டிக்கெட் எடுக்குறார்னு வைங்க. 7-ல் தொடங்கும் டெமுவில் போனா சாதாரண ரயிலுக்கான குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். 1-ல் தொடங்கும் திருச்சி - ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸில் (16849) போனா எக்ஸ்பிரஸுக்கான குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய். பல்லவனில் ஏறினா அந்த 30-க்கு மேல சூப்பர்ஃபாஸ்ட் கூடுதல் கட்டணம் 15 சேர்ந்து 45 ரூபாய்.

அதே தண்டவாளம், அதே ரெண்டு ஸ்டேஷன். நம்பரைப் பொறுத்து 10, 30, 45.

இதுல என்ன பெரிய வித்தியாசம்னு தோணலாம். சென்னைக்கு முன்பதிவு பண்ணிப் போறவருக்கு 20 ரூபாய் வித்தியாசம் டீ செலவு மாதிரி. ஆனா, காய்கறி மூட்டையோட போற அம்மாவுக்கு, திருச்சி அரசு மருத்துவமனைக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கிற நோயாளிக்கு, கிடைச்ச நாளில் மட்டும் கட்டட வேலைக்குப் போறவருக்கு அது அப்படி இல்லை. மாசத்துக்கு 25 நாள் போய் வந்தா, 10 ரூபாய் டிக்கெட்டுக்கு 500 ரூபாய் ஆகும். 30 ரூபாய் டிக்கெட்டுக்கு 1,500. 45 ரூபாய்க்கு 2,250. தினமும் போற ஆபீஸ்காரங்க சீசன் டிக்கெட் எடுத்துத் தப்பிச்சுக்குவாங்க. இன்னிக்கு வேலை இருக்கு, நாளைக்கு இருக்கான்னு தெரியாதுங்கிற நிலையில இருக்கிறவங்களுக்கு அந்த வழியும் சரிப்படாது.

5 எப்படி 0 ஆச்சு?

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்குக்காகப் பயணிகள் ரயில்கள் எல்லாமே நின்னுச்சு. பிறகு ஒவ்வொண்ணா விட ஆரம்பிச்சப்போ, 'இது வழக்கமான சேவை இல்லை, சிறப்பு ரயில்' என்று சொல்லி முதல் இலக்கத்தை 0 ஆக மாத்தினாங்க. பல்லவன்கூட 02605 ஆகத்தான் ஓடுச்சு. தொற்றுக் காலத்துல கூட்டத்தைக் கட்டுப்படுத்தணும், அதனால அது புரிஞ்சுக்கக் கூடியதுதான்.

2021 நவம்பரில் எக்ஸ்பிரஸ் ரயில்களுக்குப் பழைய நம்பரைத் திருப்பிக் கொடுக்க ரயில்வே உத்தரவிட்டுச்சு. 02605 மறுபடி 12605 ஆச்சு. ஆனா, பாசஞ்சர்களுக்கும் டெமுக்களுக்கும் அது நடக்கலை. அவை 0-விலேயே ஓடின. 'முன்பதிவில்லா எக்ஸ்பிரஸ் சிறப்பு ரயில்' என்று அதுக்கு ஒரு பேர். பேர்ல எக்ஸ்பிரஸ் இருந்ததால எக்ஸ்பிரஸ் கட்டணம். 10 ரூபாய் குறைந்தபட்சக் கட்டணம் 30 ஆச்சு. வண்டி அதே பாசஞ்சர்தான், சின்னச் சின்ன ஸ்டேஷன்ல நின்னு நின்னுதான் போகும். கிராஸிங்குக்கு ஓரமா நிக்கிறதும் அதேதான்.

நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்னால, 2024 பிப்ரவரி கடைசியில்தான் இந்தக் கட்டணம் பழையபடி 10 ரூபாய்க்கு இறங்குச்சு. நம்பர் மாற இன்னும் பத்து மாசம் ஆச்சு. 2025 ஜனவரி 1-ம் தேதியிலிருந்து 0-வில் ஓடின குறுந்தூர வண்டிகளுக்கு மறுபடி 5, 6, 7-ல் தொடங்கும் நம்பர்கள் வந்தன. கொரோனா கட்டுப்பாடுகள் முடிஞ்சு எத்தனையோ நாள் கழிச்சும் அந்த 0 மட்டும் பாசஞ்சர் மேல ஒட்டிக்கிட்டே இருந்துச்சு. கட்டணம் உயர்த்தினா எதிர்க்கட்சி கேள்வி கேட்கும், தலைப்புச் செய்தி ஆகும். ஒரு இலக்கத்தை மாத்தும்போது அந்தச் சத்தம் எதுவுமே வர்றதில்லை. மூன்று மடங்கு கட்டணம் இத்தனை வருஷம் நீடிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

5 எப்படி 1 ஆச்சு?

எல்லாப் பாசஞ்சருக்கும் பழைய இலக்கம் திரும்பலை. 200 கி.மீ-க்கு மேல ஓடுற பாசஞ்சர்களை எக்ஸ்பிரஸ் ஆக்கலாம்னு 2020-ல் ரயில்வே முடிவெடுத்துச்சு. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வழியா ராமேஸ்வரம் போற பாசஞ்சர் அதுல சிக்கிச்சு. அது இப்போ 16849, திரும்பி வரும்போது 16850. 2024-ல் பாசஞ்சர் கட்டணம் இறங்கினப்போ இதுக்கு மட்டும் இறங்கலை. ஏன்னா, இது இப்போ பாசஞ்சரே இல்லையே!

ரயில்வே தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கு. பயணிகள் ரயிலை இயக்கும் செலவில் சராசரியா 57 சதவிகிதம்தான் டிக்கெட்டில் திரும்ப வருதுன்னு டிக்கெட்டிலேயே அச்சடிச்சுக் கொடுத்தாங்க. நீண்டதூர பாசஞ்சர் மெதுவா ஊர்ந்தா பின்னால வர்ற வண்டிகளுக்கும் பாதை அடைபடும். வேகத்தைக் கூட்டி, நிறுத்தத்தைக் குறைச்சு எக்ஸ்பிரஸ் ஆக்கினா ராமேஸ்வரம் வரைக்கும் போறவருக்கு நேரம் மிச்சம். ஆனா, திருச்சியிலிருந்து கீரனூருக்கோ, புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்கோ போறவர் ராமேஸ்வரம் போறவரோட வேகத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்குறார். அவருக்கு மிச்சமாகிறது சில நிமிஷம், கூடுறது 20 ரூபாய். அந்த நேரத்துக்கு வேற டெமு இல்லைன்னா அவருக்கு வேற வழியும் கிடையாது.

அறந்தாங்கியின் 0

மாவட்டத்தோட கிழக்குப் பக்கம் போனா கதை வேற மாதிரி. அங்கே 0 என்பது அதிகக் கட்டணத்தை மட்டும் குறிக்கலை, நிச்சயமில்லாத சேவையையும் குறிக்குது.

காரைக்குடி - அறந்தாங்கி - பட்டுக்கோட்டை பாதையில் மீட்டர் கேஜ் ரயில் 2012-ல் நின்னுச்சு. அகலப் பாதை முடிஞ்சு 2018-ல் பட்டுக்கோட்டை வரைக்கும், 2019-ல் திருவாரூர் வரைக்கும் திறந்தாங்க. திறந்த புதுசுல வந்த டெமுவுக்கு கேட் கீப்பர்கள் போதாமல், வண்டியிலேயே ஆளை ஏத்திக்கிட்டுப் போய், ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி மூடி, வண்டி தாண்டினதும் திறந்துவிட்டுட்டு மறுபடி ஏறுவாங்க. அந்த வண்டி ஊர் போய்ச் சேர ஆன நேரத்தைப் பத்தி அந்தப் பக்கத்துக்காரங்க இன்னிக்கும் பேசுவாங்க.

அந்தப் பாதைக்குத் தொலைதூர வண்டிகள் பல 0-வோடதான் வந்தன. எர்ணாகுளம் - வேளாங்கண்ணி வண்டி 06035 என்ற சிறப்பு ரயிலா நீண்ட நாள் ஓடுச்சு. 2023-ல்தான் அது 16361 என்ற நிரந்தர நம்பரைப் பெற்று வாரம் ரெண்டு நாள் எக்ஸ்பிரஸ் ஆச்சு. செகந்திராபாத் - ராமநாதபுரம் வாராந்தர வண்டி 07695. இதுல 0 சிறப்பு ரயில், 7 தென்மத்திய ரயில்வே. குறிப்பிட்ட காலத்துக்கு அறிவிச்சு, அது முடியும்போது நீட்டிச்சு, மறுபடி நீட்டிச்சுன்னு ஓட்டிக்கிட்டு வந்த வண்டி.

சிறப்பு ரயில்னா என்ன ஆகும்? சிறப்புக் கட்டணத்தில் ஓடுற வண்டின்னா அடிப்படைக் கட்டணத்துக்கு மேல இரண்டாம் வகுப்பில் 10 சதவிகிதமும், மற்ற வகுப்புகளில் 30 சதவிகிதமும் கூடுதல். அதைவிடப் பெரிய சிக்கல், அடுத்த மாசம் அந்த வண்டி இருக்குமான்னு தெரியாது. நீட்டிப்பு அறிவிப்பு வந்தால்தான் முன்பதிவு திறக்கும். ஹைதராபாத்தில் வேலை பார்க்கிற பையன் பொங்கலுக்கு ஊருக்கு வர ரெண்டு மாசம் முன்னாலேயே டிக்கெட் போட நினைச்சா, வண்டியே செயலியில் காட்டாது.

தேவை எப்படி இருக்குன்னு பார்க்க முதலில் சிறப்பு ரயிலா விடுறதுல தப்பு இல்லை. தனிப் பெட்டிகளும் நிரந்தர நேர அட்டவணையும் இல்லாமலே ஒரு பாதையைச் சோதிச்சுப் பார்க்க அது நல்ல வழிதான். ஆனா, கூட்டம் வருதுன்னு தெரிஞ்சுதானே திரும்பத் திரும்ப நீட்டிக்கிறாங்க? அப்புறமும் 0-விலேயே வெச்சிருந்தா, வருமானம் நிரந்தரம், சேவை மட்டும் தற்காலிகம்னு ஆயிடும்.

நிரந்தர நம்பர் கிடைச்சா என்ன நடக்கும்ங்கிறதையும் அறந்தாங்கி பார்த்திருக்கு. 2025 ஏப்ரல் 6-ம் தேதி புதிய பாம்பன் பாலம் திறந்த அன்னிக்கு, தாம்பரம் - ராமேஸ்வரம் தினசரி எக்ஸ்பிரஸ் தொடங்குச்சு. திருவாரூர், பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியா ஓடுற வண்டி. நம்பர் 16103. முதல் நாளிலேயே 1. நீட்டிப்பு வருமா வராதான்னு காத்திருக்க வேண்டியதில்லை. சென்னைக்குப் போக காரைக்குடிக்கோ புதுக்கோட்டைக்கோ பஸ் ஏறிப் பழகின ஊருக்கு, அந்த 1 பெரிய விஷயம்.

2 என்றால் உண்மையிலேயே வேகமா?

இதே பாதையில் 2023 ஏப்ரலில் வந்த தாம்பரம் - செங்கோட்டை ரயிலின் நம்பர் 20683. சூப்பர்ஃபாஸ்ட். ஒரு வண்டி சூப்பர்ஃபாஸ்ட் ஆகணும்னா அகலப் பாதையில் போக வர சராசரி வேகம் மணிக்குக் குறைந்தது 55 கி.மீ இருக்கணும் என்பது ரயில்வே வெச்சிருக்கிற அளவுகோல். நெடுஞ்சாலையில் போற அரசுப் பேருந்தே பல இடங்கள்ல இந்த வேகத்தைத் தாண்டும். ஆனா, நம்பரில் அந்த 2 விழுந்துட்டா முன்பதிவு இல்லாத, உட்கார்ந்து போகிற இரண்டாம் வகுப்புக்கு 15 ரூபாய், ஸ்லீப்பருக்கு 30, ஏசி மூன்றடுக்கு, இரண்டடுக்குக்கு 45, முதல் வகுப்பு ஏசிக்கு 75 ரூபாய் கூடுதல்.

இந்த வேகமும் அட்டவணையில் இருக்கிற வேகம்தான். வண்டி ரெண்டு மணி நேரம் தாமதமா வந்தாலும் கூடுதல் கட்டணம் திரும்ப வராது. வேகம் வராத சூப்பர்ஃபாஸ்ட்களில் இந்தக் கட்டணத்தை வசூலிச்சதை மத்திய தணிக்கைத் துறையே 2017-ல் சுட்டிக்காட்டியிருக்கு. ஒரு தபால் குறிப்பிட்ட நாளுக்குள்ள போய்ச் சேரலைன்னா ஸ்பீடு போஸ்ட்டுக்கு இழப்பீடு கேட்கலாம். ரயிலில் அப்படி ஒரு ஏற்பாடு சூப்பர்ஃபாஸ்ட் கட்டணத்துக்கு இல்லை.

டிக்கெட் எடுக்கும் முன்னால ஒரு நிமிஷம்

நீங்க செய்யக் கூடியது சில விஷயங்கள் இருக்கு.

செயலியிலோ இயந்திரத்திலோ முன்பதிவில்லா டிக்கெட் எடுக்கும்போது 'சாதாரணம்', 'மெயில்/எக்ஸ்பிரஸ்', 'சூப்பர்ஃபாஸ்ட்' என்று வண்டி வகை கேட்கும். நம்பரைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுங்க. 5, 6, 7 என்றால் சாதாரணம். 12, 22, 20 என்று தொடங்கினா சூப்பர்ஃபாஸ்ட். 16 போன்றவை எக்ஸ்பிரஸ்.

10 ரூபாய் டிக்கெட்டை வெச்சுக்கிட்டு, டெமு தாமதம்னு எக்ஸ்பிரஸில் ஏறிடாதீங்க. பொருந்தாத டிக்கெட்டோட மாட்டினா கட்டண வித்தியாசத்தோட குறைந்தது 250 ரூபாய் அபராதமும் கட்ட வேண்டி வரும்.

0-வில் தொடங்கினா, அந்த வண்டி எந்தத் தேதி வரைக்கும் அறிவிக்கப்பட்டிருக்குன்னு பார்த்துட்டுத் திட்டம் போடுங்க. போக டிக்கெட் கிடைச்சு, திரும்பி வர வண்டியே இல்லாமப் போற அபாயம் இதுல உண்டு.

பழைய டிக்கெட்டில் இருந்த நம்பரை மனசுல வெச்சுத் தேடினா, அந்த வண்டி இல்லைன்னு செயலி சொல்லலாம். பதறாதீங்க. நம்பர் மாறியிருக்கும். ரெண்டு ஊர் பேரைப் போட்டுத் தேடுங்க.

கேட்க வேண்டிய கேள்வி

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929-ல் ரயில் வந்தது. மன்னர் காலத்து சமஸ்தானமா இருந்த ஊர், தொண்டைமான் அரசு இந்தியாவோட இணையுறதுக்கு முன்னாலேயே ரயிலோட இணைஞ்சிடுச்சு. அன்னிலேருந்து இந்தப் பாதையில் தினமும் ஏறி இறங்குறவங்க அதிகமும் பக்கத்து ஊருக்குப் போறவங்கதான். அவங்களுக்கு வந்தே பாரத்தைவிட, நேரத்துக்கு வர்ற ஒரு 5-ஓ 7-ஓ தான் முக்கியம்.

நம் எம்.பி-க்கள் புது ரயில் வேணும், நிறுத்தம் வேணும்னு கேட்கிறாங்க. அது தேவைதான். அதோட மூணு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம். பாசஞ்சரை எக்ஸ்பிரஸ் ஆக்கும்போது, அதே நேரத்துக்குக் குறுந்தூரம் போறவங்களுக்கு 10 ரூபாய் டிக்கெட்டில் என்ன வண்டி இருக்கு? ஒரு சிறப்பு ரயிலை எத்தனை தடவை நீட்டிச்ச பிறகு நிரந்தரம் ஆக்குவீங்க? சூப்பர்ஃபாஸ்ட் வேகத்தில் ஓடாத நாளில் அந்தக் கூடுதல் கட்டணம் எதுக்கு?

புது ரயிலுக்குக் கொடியசைக்கும் விழா பத்தின செய்தி வரும்போது, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குன்னு பார்க்குற அதே கண்ணால நம்பரோட முதல் இலக்கத்தையும் ஒரு தடவை பாருங்க. கட்டணம் எவ்வளவுன்னு செய்தியில் இருக்காது. அதுல இருக்கும்.